முழங்காலுக்கு மேல் கட்டிய ரிப்பன்

அனுப்புநர்:
கோ. பழமலை,
பிளாஸ்டர் அச்சுத் தொழிலாளி,
பீங்கான் தொழிற்பேட்டை,
விருத்தாசலம்,
தென்னாற்காடு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
தென்னாற்காடு மாவட்டம்,
கடலூர்.

பொருள்: விளையாட்டு – பள்ளி மாணவியர் – தாண்டும் பயிற்சியில் முழங்கால்களைச் சேர்த்துக் கட்டிக் குதிக்க வைக்கும் விதி – என் மகள் அம்சவல்லியின் வலது முழங்கால் பழுதானது – விதியை நீக்கவும், பிளாஸ்டர் கட்டி ஒன்றைத் திரும்பப் பெற்றுத் தரவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: வட்டார மாணவியர் விளையாட்டுக் குழுவின் செயலாளர் எனக்கு அனுப்பிய பதில் (நகல் இணைக்கப்பட்டுள்ளது).

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மனுவில் முழங்கால், தொடை, இடுப்பு ஆகிய சொற்கள் வருகின்றன. தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர் இவற்றைக் கேட்டதும் பேனாவை மூடிவிட்டார். "கலெக்டருக்குப் போற மனுவுல இதெல்லாம் எழுதலாமாய்யா? கால்ல அடிபட்டுச்சின்னு பொதுவா போட்டுக்கலாம்" என்றார். பொதுவாகப் போட்டால் என்ன நடந்தது என்பது தங்களுக்குத் தெரியாமலே போகும். ஆகவே எட்டாம் வகுப்பு வரை படித்த நானே எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்தருள வேண்டுகிறேன். அந்த மூன்று சொற்களுக்காக மட்டும் நான் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.

1. நான் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் பட்டறையில் வேலை செய்கிறேன். கோப்பையோ பொம்மையோ எது செய்வதானாலும் முதலில் பிளாஸ்டரில் அச்சு வேண்டும். அதை எடுப்பது என் வேலை. என் மனைவி காசியம்மாள் அதே பட்டறையில், சூளைக்குப் போகும் முன் பச்சைச் சாமான்களின் பிசிறு துடைக்கிறாள். எங்களுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் கொளஞ்சியப்பன் ஆண்கள் பள்ளியில் படிப்பை முடித்து, இப்போது என்னோடு வேலைக்கு வருகிறான். மகள் அம்சவல்லி அவனுக்கு ஒரு வயது இளையவள். அலைமகள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கிறாள்.

2. இருவரும் தாண்டக் கற்றது பட்டறைக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில்தான். சிறு வயதில் இருவரும் ஒரே மாதிரி தாண்டினார்கள். பாவாடையை வைத்துத்தான் இவள் மகள் என்று சொல்ல முடியும். மகள் பெரியவளான பிறகு, தாண்டித் தரையில் இறங்கும்போது அவளுடைய இரண்டு முழங்கால்களும் உள்பக்கமாகச் சாயத் தொடங்கின. மகனுக்கு அப்படி இல்லை. பெற்ற எங்கள் கண்ணில் இது படவே இல்லை. கண்டவர் அவள் பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியர் திரு. ஜெயராஜ் அவர்கள். பெண்கள் பள்ளியில் அப்போது அவர் ஒருவரே உடற்பயிற்சி ஆசிரியர்.

3. ஆசிரியர் ஒரு நாள் என் பட்டறைக்கு வந்து, கழிவுக் களிமண் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டார். எதற்கு என்றேன். தாண்டும் குழியின் மணல் மேல் ஈரக் களியைப் பரப்பினால் குதிப்பவரின் கால் எப்படி விழுகிறது என்று பதிந்துவிடும், மணலில் அது நிற்காது என்றார். எங்கள் ஊரில் களிக்கா பஞ்சம்? தள்ளுவண்டி நிறையத் தள்ளிக்கொண்டு போனேன். மகனையும் வரவழைத்து இருவரையும் குதிக்க வைத்தார். மகனின் தடம் உள்ளும் வெளியும் சமமாகப் பதிந்திருந்தது. மகளின் தடத்தில் உள்விளிம்பு ஆழமாகவும் வெளிவிளிம்பு பட்டும் படாமலும் இருந்தது. எனக்கு மனது சங்கடமாகிவிட்டது. ஆசிரியர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "பழமலை, இது குத்தம் இல்ல. பொம்பளப் புள்ளைங்களுக்கு இடுப்பு அகலம். தொடை எலும்பு சாய்வா எறங்குது. அதனால குதிக்கும்போது முட்டி உள்ள போவப் பாக்கும். காலை அகட்டி, முட்டிய மடக்கி, மெத்துன்னு எறங்கணும். பையனுக்குச் சொல்லிக் குடுக்கறத விட இவளுக்கு ரெண்டு பங்கு சொல்லிக் குடுக்கணும், அவ்ளோதான்."

4. அப்படியே சொல்லிக் கொடுத்தார். அவளும் விடாமல் கற்றாள். வீட்டில் அடுப்பங்கரைக்குப் போகும்போதுகூட வாசற்படியிலிருந்து முட்டியை மடக்கிக் குதித்துத்தான் போவாள். அவள் அம்மா கத்துவாள். பல மாதம் சென்று மறுபடியும் களி பரப்பினோம். அவளது தடம் சமமாக இருந்தது. அடுத்து வரும் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டும் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டதால் அண்ணன் தடத்திலும் தங்கை தடத்திலும் பிளாஸ்டர் ஊற்றி, உள்ளங்கால்கள் மேடாகத் தெரியும்படி ஆளுக்கொரு கட்டி எடுத்தேன். "அப்பா, என் காலுதான் அழகா வந்திருக்குது. அண்ணன் காலு மொறம் மாதிரி இருக்குது" என்று அவனைச் சீண்டினாள். உடற்பயிற்சி ஆசிரியை ஆவதற்கான பயிற்சியில் சேரவேண்டும், இந்த இரண்டு கட்டிகளையும் எடுத்துப்போய் வகுப்பில் காட்டவேண்டும் என்பது அவள் எண்ணம். சேர்வதற்கு ஓடியும் தாண்டியும் காட்டவேண்டும். அதில் அவளுக்குப் பயமே இல்லை.

5. சென்ற ஆண்டு வட்டாரப் போட்டி பெண்ணாடத்தில் நடந்தது. காலையில் பையன்கள் அரைக்கால் சட்டையோடு தாண்டினார்கள். என் மகனும் தாண்டினான். காலை அகட்டித்தான் இறங்கினார்கள். எவருக்கும் அது ஒரு பொருட்டாக இல்லை. பிற்பகல் பெண்கள் தாண்டியபோது, ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர்கள் சாலையோரம் நின்றுவிட்டன. கரும்பு மேல் ஏறி நின்று சிலர் விசிலடித்தார்கள். அம்சவல்லி முதலாவதாக வந்தாள். விருந்தினர் நாற்காலியில் இருந்த மகள் பள்ளியின் தாளாளரும் வட்டார மாணவியர் விளையாட்டுக் குழுவின் செயலாளருமான திரு. சக்கரபாணி அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார். பரிசைக் கொடுக்கும்போதும் என் மகளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன்பின் எல்லார் முன்னிலையிலும் ஆசிரியர் ஜெயராஜிடம், "பொட்டப் புள்ளைங்க காலை அகட்டிக் குதிக்கறத ஊருக்குக் காட்டவா நாம ஸ்கூலு நடத்துறோம்?" என்று கேட்டார். விசிலடித்தவர்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

6. இதன் பிறகு குழு ஒரு விதி போட்டது. மாணவியர் தாண்டி இறங்கும்போது முழங்கால்கள் ஒட்டியிருக்க வேண்டும். பிரிந்தால் நடுவர் சிவப்புக் கொடி காட்டி அந்தத் தாண்டலைத் தள்ளிவிடலாம். ஆசிரியர் ஜெயராஜ் இது ஆபத்து என்று எடுத்துச் சொன்னார். அதற்குப் பதிலாக அவரை நிர்வாகத்தின் இன்னொரு பள்ளிக்கு, கள்ளக்குறிச்சிப் பக்கம் மாற்றிவிட்டார்கள். பெண் பிள்ளைகளுக்குக் காலை அகட்டச் சொல்லிக் கொடுத்த ஆள் என்று அவர் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். ஐயா, நான் மட்டுமல்ல, அந்தப் பள்ளியில் பெண் பிள்ளையைப் படிக்கவைக்கும் யாரும் அவரைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். அவர் பஸ் ஏறிய அன்று, வழியனுப்ப யாரும் மைதானத்துக்குப் போகக் கூடாது என்று பிள்ளைகளை வகுப்பிலேயே உட்காரவைத்தார்கள்.

7. அவருக்குப் பதிலாக ஆசிரியை வாசுகி என்பவர் வந்தார். வயதில் சிறியவர், முதல் வேலை. விதி பழக்கத்தில் வரவேண்டும் என்று தாளாளர் சொல்லவே, பிள்ளைகள் தலைக்குக் கட்டும் சிவப்பு ரிப்பன் துண்டுகளை இரண்டாக மடித்து, நீளத்துக்கு ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டு காலையும் சேர்த்துப் பாவாடையோடு கட்டி, பெஞ்சு மேலிருந்து குழிக்குள் குதிக்கவைத்தார்கள். மகள் இதை முதலில் சொன்னபோது விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றே நினைத்தேன். வாத்து, கோழியைச் சந்தைக்குக் கொண்டுபோகும்போதுதான் காலைக் கட்டிப் பார்த்திருக்கிறேன்.

8. நான் பள்ளிக்குப் போய்ப் பேசுகிறேன் என்றதற்கு என் மகள் சம்மதிக்கவில்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கட்டுனா கட்டட்டும்ப்பா. கட்டோடவே எப்படி எறங்கறதுன்னு களியில பாத்துக் கத்துக்கிறேன். நீ கொஞ்சம் களி மட்டும் குடு. அவங்க கொடியத் தூக்க முடியாதபடி தாண்டிக் காட்றேன்." ஜெயராஜ் ஆசிரியர் போன பிறகு குழியில் களி பரப்புவது நின்றுபோயிருந்தது. அவள் விழுந்த அன்று காலை நானே கொண்டுபோய்க் கொட்டி, தண்ணீர் தெளித்து, பலகையால் சமன் செய்துவிட்டு வேலைக்குப் போனேன்.

9. நடந்ததை ஆசிரியை வாசுகியும் உடனிருந்த மாணவிகளும் சொன்னபடி எழுதுகிறேன். பெஞ்சிலிருந்து குதித்தவளின் வலது கால் முந்தி விழுந்தது. முழங்கால் உள்பக்கம் சாய்ந்தது. சமாளிக்க இடது காலைத் தள்ளி ஊன்றப் பார்த்திருக்கிறாள். ரிப்பன் விடவில்லை. சுள்ளி ஒடிந்த சத்தம் கேட்டதாகப் பிள்ளைகள் சொல்கிறார்கள். அவள் அழவில்லையாம். "டீச்சர், என் காலு என்னுது மாதிரி இல்ல" என்று மட்டும் சொன்னாளாம். ஐயா, அந்த ரிப்பன் அறுபடவே இல்லை. முழங்காலுக்குள் இருந்ததுதான் அறுந்தது. ரிப்பனை இத்துடன் இணைக்க விரும்பினேன். அது பள்ளிச் சொத்து என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

10. எனக்கு ஆள் வந்து சொல்லி நான் ஓடியபோது அவளைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். குழியில் அவளுடைய தடம் இருந்தது. வலது காலின் உள்விளிம்பு குழியாக இறங்கி, குதிகால் திருகியிருந்தது. பக்கத்தில் விழுந்தபோது ஊன்றிய கை, ஐந்து விரலும் தெரிய. அதன் மேல் ஒரு சிமெண்டுச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மறுநாள் காலையில் போய் அதிலும் பிளாஸ்டர் ஊற்றி எடுத்தேன். எதற்காக எடுத்தேன் என்று அப்போது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

11. ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை என்றார்கள். எங்களுக்குப் போன உயிர் வந்தது. உள்ளே எலும்புகளைப் பிடித்திருக்கும் நாண் அறுந்துவிட்டது, ஓய்வாக இருக்கட்டும் என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். நான் நாளெல்லாம் கலக்கும் அதே பிளாஸ்டர். பட்டறையில் அது இறுகும்போது சூடு ஏறுவதைக் கையால் தொட்டு, பதம் சரி என்று மகிழ்ந்திருக்கிறேன். என் மகளின் காலில் அது சூடாவதைக் கட்டிலருகே நின்று தொட்டேன். இனி இந்த வேலைக்கே போகக் கூடாது என்று தோன்றியது. வேறு வேலை தெரியாததால் போய்க்கொண்டிருக்கிறேன்.

12. கட்டுப் பிரித்த பிறகு அவள் நடக்கிறாள். சமதரையில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. படி இறங்கினாலோ சட்டென்று திரும்பினாலோ முட்டி தானாக வழுக்கி உள்ளே போகிறது, விழுகிறாள். இனிமேல் ஓடவோ தாண்டவோ கூடாது, அதை ஒட்டவைக்கும் வைத்தியம் இந்தப் பக்கத்தில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மங்கலம்பேட்டையில் எண்ணெய் போட்டுக் கட்டுபவரிடமும் காட்டினோம். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "எலும்புன்னா சேப்பேன் சாமி. இது என் கைக்கு வராது" என்று அனுப்பிவிட்டார். பயிற்சியில் சேரும் பேச்சை அவளே நிறுத்திவிட்டாள். அவள் அம்மா, தாண்டவே விட்டிருக்கக் கூடாது என்று என்னைத் திட்டுகிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் மகன் மாலையில் தாண்டப் பழகிவிட்டு வேர்வையோடு வீட்டுக்குள் நுழையும்போது எனக்கு அவன் மேல் கோபம் வருகிறது. பாவம், அவன் என்ன செய்வான்!

13. ஆசிரியை வாசுகி வீட்டுக்கு வந்து அழுதார். "நான் என்னங்க பண்றது, ரூல் போட்டுட்டாங்க. இப்படிக் கட்டச் சொல்லி நானும் எங்கயும் படிக்கலங்க" என்றார். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. இந்த மனுவால் அவர் வேலைக்கு இடைஞ்சல் வந்துவிடக் கூடாது என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

14. நான் குழுவுக்கு மனுச் செய்தேன். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள் என்று மகன் கால், மகள் கால், விழுந்த அன்றைய கால் ஆகிய மூன்று பிளாஸ்டர் கட்டிகளையும் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய் ஒப்படைத்தேன். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே புரியும் என்று நம்பினேன். வந்த பதிலை இணைத்துள்ளேன். "மாணவி கவனக்குறைவாகக் குதித்ததே காரணம். பெண்களின் காலமைப்பு இயல்பிலேயே பலவீனமானது என்பதை மனுதாரரே ஒப்புக்கொள்கிறார். ஆகவே குழுவின் கட்டுப்பாடு அவர்களுக்குப் பாதுகாப்பானதே" என்று அதில் கண்டிருக்கிறது. நான் பலவீனம் என்று எங்கும் எழுதவில்லை. அமைப்பு வேறு, ஆகவே கற்பிப்பதும் வேறாக இருக்கவேண்டும் என்றுதான் எழுதினேன். பாதுகாப்புக்காகத்தான் கட்டுகிறார்கள் என்றால் பையன்களையும் கட்டிப் பாதுகாக்க வேண்டியதுதானே?

15. மகனின் கால் கட்டியை, "ஆண் மாணவர் தொடர்பானது இக்குழுவின் வரம்புக்குள் வராது" என்று சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். விழுந்த அன்றைய கட்டி இரண்டாக உடைந்து, குழு அலுவலகத்துக்குப் பின்னால் குப்பையில் கிடந்தது. கை பதிந்திருந்த பாதியை மட்டும் எடுத்து வந்தேன். அம்சவல்லி நன்றாகத் தாண்டிய காலத்துக் கட்டி, அவளே அழகாக வந்திருக்கிறது என்று சொன்ன கட்டி, அலுவலக வாசலில் இருக்கிறது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கேட்டதற்கு, வரவு வைத்த பொருளை மேலிடத்து உத்தரவு இல்லாமல் கொடுக்க முடியாது என்றார் அங்கிருந்த கிளார்க். இரண்டு பாதமும் மேலே பார்த்தபடி கிடக்க, வந்து போகிறவர்கள் அதன் மேல் செருப்பைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

16. தை பிறந்ததும் அடுத்த வட்டாரப் போட்டி. அதற்கு இந்த ஆண்டு நிறையப் பிள்ளைகள் சேர்ந்திருப்பதால் ரிப்பன் போதவில்லை. அணிவகுப்பில் நிற்க முடியாத மாணவிகளைத் தையல் வகுப்பில் உட்காரவைப்பது பள்ளி வழக்கம். என் மகளையும் உட்காரவைத்திருக்கிறார்கள். மீந்த வேலையை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புகிறார்கள். சென்ற வாரம் அவள் விளக்கருகே உட்கார்ந்து சிவப்புத் துணித் துண்டுகளை இரண்டாக மடித்து, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தாள். என்ன தைக்கிறாய் என்று கேட்டேன். சொன்னாள். நான் பிடுங்கி எறியப் போனேன். "குடுப்பா. நான் தைச்சா சேக்கற எடத்துல தையல் லேசா போடலாம். இழுத்தா பிரிஞ்சிக்கும். டீச்சருக்கும் தெரியும், ஒண்ணும் சொல்லல" என்றாள். ஐயா, அவளால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். அதையும் இங்கே எழுதிக் காட்டிக் கொடுத்துவிட்டேனோ என்று இந்த வரிகளை இரண்டு முறை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். எழுதாவிட்டால் தங்களுக்கு இதன் அவசரம் தெரியாது. தயவுகூர்ந்து இந்த ஒரு பத்தியை மட்டும் குழுவுக்குக் காட்ட வேண்டாம்.

17. ஆகவே ஐயா, முழங்காலைச் சேர்த்து இறங்கவேண்டும் என்ற விதியையும் ரிப்பனையும் போட்டிக்கு முன்பாக நீக்க உத்தரவிடுமாறு கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பார்ப்பவர்கள் விசிலடித்தால் மைதானத்தைச் சுற்றிப் படல் கட்டட்டும். நானே கழி வெட்டிக் கொண்டுவந்து கட்டித் தருகிறேன். ஆசிரியர் ஜெயராஜ் அவர்களைத் திரும்ப அழைப்பது தங்கள் அதிகாரத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அழைக்கவும். என் மகளுக்கு நான் எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. அந்தக் கட்டி ஒன்றை மட்டும் வாங்கித் தந்தால் போதும்.

18. இந்த மனுவும் "தக்க நடவடிக்கைக்காக" என்று குறிப்பெழுதி, யார் மீது சொல்கிறேனோ அவர்களிடமே அனுப்பப்படும் என்று பட்டறையில் எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. அப்படியே அனுப்புவதானால் ஒரு சிறு உதவி. மனுவைக் கொண்டுபோகிறவர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். கதவடியில் இருக்கும் வெள்ளைக் கட்டியை ஒரு நிமிடம் குனிந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மிதித்துவிட வேண்டாம். அது என் மகளின் கால்.

பதில் வரும் என்ற நம்பிக்கை குறைந்தும், வேறு எங்கே போவது என்று தெரியாமல் தங்களிடமே வந்து நிற்கும்,

(ஒப்பம்)
கோ. பழமலை

இடம்: விருத்தாசலம்
நாள்: 12-12-1973